கீபோர்டு நின்ற சாட்சி நேரம்

ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னை வாயாடி என்றுதான் சொல்வார்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் முதலில் கேட்கிற குரல் என்னுடையது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் பஞ்சாயத்து ஆபீசுக்குக் குடத்தோடு போய் நிற்பவளும் நான்தான். ஆனால் இந்த வாய் நான் பிறந்தபோது கூடவே வந்ததில்லை. சபை கொடுத்த வாய் இது. இந்த வாயால் நான் ஒரு வாரம் முழுக்கப் பயந்து செத்தேன். அந்த வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவள் நான். அம்மாவும் நைனாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனால் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், கேட்டதற்குத் தலையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். "வாயத் தொறக்காத" என்பதுதான் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்துப் பெண்தான் சொல்வாள். எனக்கு நாக்கு எழும்பாது.

கல்யாணமாகி வந்த வீடு ஜெபிக்கிற வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சபைக்குப் போவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீள அறை. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், எல்லோருக்கும் பாய். பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். அந்த வாரத்தில் ஆண்டவர் தனக்கு என்ன செய்தார் என்று விருப்பப்பட்டவர்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, தொலைந்த ஆடு கிடைத்தது, பஸ்சில் இருந்து விழப் பார்த்தவரை யாரோ பிடித்துக்கொண்டார்கள், எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சபையார் "ஸ்தோத்திரம்" என்பார்கள். பின்னணியில் கீபோர்டு மெல்லிசாக ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் தடவை மாமியார் என் முழங்கையைக் கிள்ளி எழுப்பிவிட்டார். நின்றேன். "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ரவிக்கையெல்லாம் வியர்வை. பாஸ்டர் ஐயா சிரித்துவிட்டு, "பொதுவா சொல்லாதம்மா. இன்னா நடந்துச்சோ, அத்த சொல்லு" என்றார். அடுத்த வாரம் எழுந்து, அடுப்பில் இருந்த பால் கைப்பிள்ளை மேல் கொட்டப் பார்த்ததையும், என் கால்மேல் கொட்டியதையும் சொன்னேன். மொத்தச் சபையும் "ஸ்தோத்திரம்" என்றது. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு பேச்சுக்கு இத்தனை பேர் சேர்ந்து பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதும் எனக்குக் காதில் அதுதான் கேட்டது.

அப்புறம் வாரா வாரம் நின்றேன். நிற்க நிற்க நாக்குக்கு எலும்பு முளைத்தது. சொல்லப்போவதை வாரம் முழுக்க மனசுக்குள் கோத்துக்கொண்டே இருப்பேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் பார்க்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது. மற்ற இடங்களில் நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. புளி கேட்டு வருகிற பக்கத்து வீட்டுக்காரியிடம் தீர்ந்துபோச்சு என்று கூசாமல் சொல்வேன். ஆனால் அந்தப் பாயில் நின்றுகொண்டு மட்டும் பொய் சொன்னதே இல்லை.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். பிறந்ததிலிருந்து சபைக்கு வருகிறவர், ஒரு தடவைகூடச் சாட்சிக்கு எழுந்ததில்லை. ஆண்கள் பக்கம் கடைசியில், சுவரோடு சுவராக உட்கார்ந்திருப்பார். "உங்க ஊட்டுக்காரர் சாட்சியையும் நீயே சொல்லிடு சிஸ்டர்" என்று பெண்கள் கேலி செய்வார்கள். இந்த மனுஷனுக்கு ஆராதனை உள்ளே இறங்குகிறதா, இல்லை சுவரில் சாய்ந்து தூங்குகிறாரா என்று எனக்கே சந்தேகம் இருந்தது.

அவருக்குத் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் வேலை. இரும்புத் தகட்டை அழுத்திக் கார் சாமான் செய்கிற கம்பெனி. பிரஸ் மிஷின் ஆபரேட்டர், அதுவும் காண்ட்ராக்டில். வருஷக்கணக்காக இழுத்தடித்த பிறகு அந்த மாதம்தான் பர்மனென்ட் ஆக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிற அண்ணன். அங்கே அவர் சூப்பர்வைசர். நல்ல மனுஷர். என் மாமியார் செத்தபோது பெட்டியைத் தூக்கின நாலு பேரில் அவரும் ஒருவர்.

அந்த வியாழக்கிழமை வேலை முடிந்து சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து கையுறையை எடுத்துத் தரையில் போட்டார். வலது கை உறை. உறையின் நடு விரலும் மோதிர விரலும் கத்தியால் நறுக்கியது மாதிரி நுனி இல்லாமல் இருந்தன. அவருடைய வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"ஆண்டவரே, அவர் விரல் இருந்தா சபையில சாட்சி சொல்றேன்" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். எங்கள் வழக்கம் அது. என் அம்மாவின் ஊரில் வேண்டுதல் வைத்தால் ஆடி மாதம் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு வலம் வந்து செலுத்துவார்கள். எங்கள் சபையில் வாயால்தான் செலுத்த வேண்டும்.

அவர் கையை வெளியே எடுத்தார். விரல்கள் இருந்தன. ஐந்தும் இருந்தன.

"உறை பெருசு. முன்னால தொளதொளன்னு இருந்துச்சு. அது போச்சு, கை வந்துடுச்சு" என்றார்.

அந்த மிஷினில் இரண்டு பட்டன் உண்டு என்று அப்போதுதான் சொன்னார். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் நசுங்காது, அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் பீஸ் எண்ணிக்கை ஏறவில்லை என்று ஒரு பட்டனை அழுத்தினபடியே டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். ஒரு கையால் தகட்டை வைக்கலாம், மறு கையால் பட்டனைத் தட்டலாம், வேலை சீக்கிரம் ஓடும்.

"எந்தப் பாவி ஒட்னது?" என்றேன்.

"யாரோ. உடு" என்றார். "தோ பாரு, இத்த எங்கியும் சொல்லாத. பர்மனென்ட் ஆவுற நேரம். பேஜாராயிடும்."

சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்த பிறகுதான் அதற்கு முன்னால் நான் வைத்த வேண்டுதல் நினைவுக்கு வந்தது. வேண்டிக்கொண்டதைச் செலுத்தாமல் விட்டால் கொடுத்ததை ஆண்டவர் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று பயம். அந்த இரண்டு நாளும் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவர் கையைப் பார்க்கவே எனக்கு நடுக்கமாக இருந்தது.

சரி, இரண்டையும் காப்பாற்றலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். பொதுவாகச் சொல்லிவிடுவது. 'என் கணவரை ஒரு ஆபத்திலிருந்து காத்தார்' என்று ஒரு வரி, உடனே உட்கார்ந்துவிட வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். அந்த ஒரு வரியைச் சொன்னேன். "ஸ்தோத்திரம்" என்றார்கள். உட்காரப் போகும்போது பாஸ்டர் ஐயா வழக்கம்போல, "இன்னா ஆபத்தும்மா? சபைக்குச் சொல்லு, எல்லாரும் மகிமைப்படுத்தட்டும்" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் பழக்கின வாய், நான் பிடித்துக் கட்டினால் நிற்குமா? மாடு வீட்டு வழியைப் பிடித்த மாதிரி அது தானாகப் போயிற்று. மிஷினைச் சொன்னேன், பட்டனைச் சொன்னேன், டேப்பைச் சொன்னேன், அறுந்த உறையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துவிட்டது. "பீஸுக்காக ஒரு மனுஷன் கையைப் பத்தி நெனைக்காம அந்த டேப்பை ஒட்டினவங்க மனச ஆண்டவர் தொடணும்" என்று முடித்தேன்.

"ஸ்தோத்திரம்" பாதியாகத்தான் வந்தது. கீபோர்டு நின்றுபோயிருந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் பார்த்தால் என் வீட்டுக்காரர் தலையை முழங்காலுக்குள் விட்டிருந்தார். அந்தக் கம்பெனியில் வேலை செய்கிற நாலைந்து பேர் கீபோர்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையைக் கீபோர்டின் மேல் வைத்தபடி அசையாமல் இருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியே உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்:

"ஒட்னது அவருதான்."

கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அது போகாமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது. கேட் திறந்தால் வீட்டுக்குப் போக வேண்டும், விடிந்தால் திங்கட்கிழமை.

அண்ணன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோபமாக வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் கண் சிவந்திருந்தது, அழுத கண்.

"சிஸ்டர், மேலருந்து டார்கெட் டார்கெட்னு என்னைத்தான் கொல்றானுங்க. நானா ஆசைப்பட்டு ஒட்னேன்? இப்ப ஆபீஸ் வரைக்கும் போனா எனக்கும் வேல இல்ல, இவனுக்கும் வேல இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழம எழுந்து, நான் தப்பா சொல்லிட்டேன், மிஷின்ல ஒரு கொறையும் இல்ல, இவர்தான் தூக்கக் கலக்கத்துல கைய வச்சிட்டார்னு சொல்லிடுங்க. சபையில சொன்னத சபையிலயே முடிச்சிடலாம். உங்க கால்ல வேணா உழறேன்."

"ஐயோ, இன்னாண்ணா இது" என்று பின்னால் நகர்ந்தேன். அவர் போன பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். படுக்கப் போகும் முன்னால் எங்கள் வீட்டில் யாரும் தாழ்ப்பாள் போட்டதில்லை.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரரை மிஷினிலிருந்து எடுத்து லோடு ஏற்றுகிற இடத்தில் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆபீசில் கூப்பிட்டு, "உன் ஒய்ஃப் சர்ச்சுல கம்பெனியப் பத்தி ஏதோ பேசினாங்களாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். சிரித்துக்கொண்டே கேட்டதுதான் எனக்குப் பயம். திட்டினால்கூடத் தெம்பாக இருந்திருக்கும். தெருவில் எந்த பைக் நின்றாலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். போன் அடித்தால் எடுக்கக் கை வரவில்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அம்மா போனில், "தவள தன் வாயால கெடும்னு சொன்னனே, கேட்டியா? வாயத் தொறக்காதன்னுதான உன்ன வளர்த்தேன்" என்று அழுதாள்.

பாஸ்டர் ஐயாவும் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். இதைச் சொல், இதைச் சொல்லாதே என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. சபையில் பாதிப் பேர் அந்த சிப்காட்டை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். அவருக்கும் பயம்தான்.

வேலை போனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்காத நேரமில்லை. ஒரு கம்பெனியில் பிரச்சினைக்காரன் என்று பெயர் எடுத்தால் அந்த வட்டாரத்தில் வேறு காண்ட்ராக்டர் யாரும் சேர்க்க மாட்டான். அவருக்கு வேறு தொழில் தெரியாது. எங்கள் பெண் அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். ஆகவே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சோறா, சொல்லா என்றால் சோறுதான். அடுப்புக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். 'போன வாரம் நான் சொன்னது தப்பு' என்பது வரை வரும். அதற்கு மேல் நாக்கு எழும்பாது. டீச்சர் பெயர் கேட்டபோது நின்ற அதே பிள்ளையாக நின்றேன்.

வெள்ளிக்கிழமை அவரிடம், "நான் மாத்தி சொல்லிடறேங்க. நீங்க கவலப்படாதீங்க" என்றேன்.

"அந்தப் பாயில நின்னுகினா பொய் சொல்லப்போற?" என்று மட்டும் கேட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு நாஷ்டா இறங்கவில்லை. சபையில் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். என்ன பாட்டுப் பாடினார்கள் என்றே தெரியாது. பாட்டு முடிந்தது. எழுந்துகொள்ளலாம் என்று கையை ஊன்றினேன். பாஸ்டர் ஐயா யாரையும் பார்க்காமல், "இன்னைக்கு நேரமாயிடுச்சு. நேரா வேத வசனத்துக்குப் போயிடலாம்" என்றார்.

சாட்சி நேரம் இல்லை! உண்மையும் சொல்ல வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். என் தலைமேல் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வாரத்தில் முதல் தடவையாக மூச்சு விட்டேன்.

அப்போது ஆண்கள் பக்கம் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, ஒரு நிமிஷம்."

என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டினேன், அவர் பார்க்கவில்லை. உடனே ஜெபித்தேன். 'ஆண்டவரே, அந்த மனுஷன் வாயைக் கட்டும்' என்று ஜெபித்தேன். அத்தனை வருஷமாக, பேச வாய் தாரும் என்று கேட்டவள், அன்று பேச்சை நிறுத்தும் என்று கேட்டேன்.

"என் பொஞ்சாதி போன வாரம் சொன்னது நெசம்" என்றார். "எனுக்குப் பேச வராது. அண்ணன் மேல கோவம் இல்ல, அவரும் பயந்துதான் ஒட்னாரு. நானும் பயந்துதான் அதுல வேல செஞ்சேன். நாளைக்கு என் எடத்துல வேற ஒருத்தன் நிப்பான். அவன் உறை தொளதொளன்னு இருக்குமான்னு தெரியாது. அந்த டேப்பப் பிரிச்சிடணும். அவ்ளோதான். ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டார். யாரும் "ஸ்தோத்திரம்" சொல்லவில்லை. எல்லோருடைய சாட்சிக்கும் முதல் ஆளாகக் கத்துகிற நான் சொல்லவில்லை. கடைசியில் பாஸ்டர் ஐயாதான் மெதுவாகச் சொன்னார். கீபோர்டு பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனவர் நான் துணி துவைத்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். பைக் சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் சோப்பு நுரையோடு ஓடினேன். சாப்பாட்டு டப்பாவைத் திண்டில் வைத்தார்.

"கேட்டாண்டயே நிறுத்திட்டாங்க. அட்டெண்டன்ஸ் கார்டு எடுக்கல. அண்ணன்தான் வெளிய வந்து சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

"மொதல்ல ஸ்தோத்திரம்னாரு. எப்பவும் என்னப் பார்த்தா சொல்ற பழக்கம், வாய்ல வந்துடுச்சு. நானும் ஸ்தோத்திரம்ணான்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் உனக்கு வேல இல்லன்னு சொன்னாரு." தண்ணீர் குடித்தார். "டேப்பெல்லாம் பிரிச்சிட்டாங்களாம். உள்ள போனவனுங்க போன் பண்ணானுங்க."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "டேப்பப் பிரிச்சா நமக்கு இன்னா? நாளைக்கு உலைல இன்னா போடறது? யோவ், உனக்குப் பயமே இல்லியா?" என்று கத்தினேன்.

"பயமாத்தான் கீது" என்றார். "நேத்து நிக்கும்போதே காலு நடுங்குச்சு. நான் சொவத்தாண்ட உக்காந்துகினு வாரா வாரம் உன்னத்தான் பார்த்துகினு இருந்தேன். மொத நாள் நின்னியே, உன் ரவிக்கையெல்லாம் நனைஞ்சு போயிருந்துச்சு. பயம் போனப்புறமா நீ எழுந்த?"

தட்டை எடுத்து வைத்து, அவர் கொண்டுபோன சோற்றையே அவருக்குப் போட்டேன்.